மூடிய மூன்று சக்கர வண்டிக்கு மோட்டார் சைக்கிள் உரிமமும் தலைக்கவசமும் தேவையா?

கலிபோர்னியாவில் வசிக்கும் நீங்கள், கூரையும் கதவுகளும் கொண்ட ஆப்டெரா என்ற மூன்று சக்கர மின்வண்டிக்கு முன்பதிவு செய்திருப்பதாகவும், கையில் கார் ஓட்டுநர் உரிமம் மட்டுமே இருப்பதாகவும், வண்டி வந்ததும் ஐ-10 நெடுஞ்சாலை வழியாக ஃப்ளோரிடாவில் இருக்கும் உங்கள் அண்ணன் வீடு வரை ஓட்டிப் போக ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க வேண்டுமா, வழியெல்லாம் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள்.

கலிபோர்னியாவுக்குள் ஓட்டுவதற்கு இப்போதிருக்கும் உரிமமே போதும்; சட்டம் சொல்லும் அளவுகளுக்கு உட்பட்ட, முழுவதும் மூடிய வண்டியில் தலைக்கவசமும் தேவையில்லை. ஆனால் மாநில எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் இவ்விரு கேள்விகளையும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கார் உரிமம் போதும் என்று சொல்லும் மாநிலமே தலைக்கவசம் கட்டாயம் என்றும் சொல்லக்கூடும். இந்தப் பொருளில் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கும் பொருத்திப் பார்த்ததால் எழுந்த குழப்பங்கள்தாம்.

கதவு, கண்ணாடி, குளிர்சாதனம் எல்லாம் உள்ள ஒரு வண்டியை மோட்டார் சைக்கிள் என்று அழைப்பது நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு விசித்திரமாகத்தான் தோன்றும். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் சைக்கிள் என்பது இரு சக்கர வாகனம். பக்கப்பெட்டி இணைத்தால் அதன் ஒரு சக்கரம் கூடுதலாகச் சேரலாம், அவ்வளவுதான். ஆகையால் ஆட்டோ ஓட்டுபவரிடம் தலைக்கவசம் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளோ, ஓட்டுபவருக்கு இருக்கையோ சேணமோ இருந்து, தரையைத் தொடும் சக்கரங்கள் மூன்றுக்கு மிகாமல் இருந்தால் அந்த மோட்டார் வாகனம் மோட்டார் சைக்கிள்தான் என்கின்றன. கூரை உண்டா, கதவு உண்டா என்று அந்த வரையறை பார்ப்பதே இல்லை. இதனால்தான் உங்கள் வண்டியில் ஒட்டப்படும் உற்பத்தியாளர் சான்றுப் பட்டையில் வாகன வகை மோட்டார் சைக்கிள் என்று அச்சாகியிருக்கும். மாநிலங்கள் அந்த வாகனத்தைத் தம் சாலைகளில் எப்படி நடத்துகின்றன என்பது வேறு கதை. ஓட்டுநர் உரிமத்தை வழங்குவதும் தலைக்கவச விதியை எழுதுவதும் மாநிலங்களின் அதிகாரம்.

கூட்டாட்சி வகைப்பாட்டினால் விளையும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன். மோட்டார் சைக்கிள் என்று வகைப்படுத்தப்பட்ட வாகனத்துக்கு அந்த வகைக்குரிய பிரேக், விளக்கு, கட்டுப்பாட்டுக் கருவி போன்ற தரங்கள் மட்டுமே கட்டாயம். பயணிகள் காருக்கு விதிக்கப்பட்ட மோதல் பாதுகாப்பு, காற்றுப்பை, கூரை நசுங்காமை ஆகிய தரங்கள் அதற்குக் கட்டாயமில்லை. சில உற்பத்தியாளர்கள் தாமாகவே அவற்றை நிறைவேற்றுகிறார்கள், சிலர் செய்வதில்லை. எனவே ஒரு மாநிலம் தலைக்கவச விலக்கு அளித்திருப்பதை, அந்த வண்டி காரைப் போல மோதல் சோதனையில் தேறியது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

தலைக்கவசச் சட்டங்கள் இவ்வளவு வேறுபடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1966-இன் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், தலைக்கவசச் சட்டம் இயற்றாத மாநிலங்களின் நெடுஞ்சாலை நிதியைக் குறைக்க வழிசெய்தது. 1975-க்குள் 47 மாநிலங்கள் எல்லா ஓட்டுநர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கின. 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த நெருக்கடியை விலக்கிக்கொண்டதும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கலிபோர்னியாவோ எதிர்த்திசையில் நடந்து, 1992 ஜனவரியில்தான் எல்லோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மிசௌரி 2020-இலும் நெப்ராஸ்கா 2024-இன் தொடக்கத்திலும் தளர்த்திய பிறகு, எல்லா வயதினருக்கும் கட்டாயம் என்ற நிலை 17 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் நின்றது. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றில் தலைக்கவசச் சட்டமே கிடையாது. எஞ்சியவை வயது, காப்பீடு, பயிற்சி என்று ஏதேனும் ஒரு நிபந்தனையோடு நடுவில் நிற்கின்றன.

அந்த முதல் அலையில் எழுதப்பட்ட சட்டங்கள் பலவற்றில் ஒரு சிறு வாக்கியம் இருப்பதைக் காணலாம்: மூடிய அறைக்குள் பயணம் செய்பவர்களுக்கு இப்பிரிவு பொருந்தாது. மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்வதற்கென்று அந்நாளில் தயாரிக்கப்பட்ட மாதிரி வாகனச் சட்டத்திலிருந்து வந்த வாக்கியம் அது. ஜார்ஜியாவிலும் ஃப்ளோரிடாவிலும் இன்றும் கிட்டத்தட்ட அதே சொற்களில் இருக்கிறது. மூடிய அறை என்றால் என்ன என்பதை அது விளக்கவில்லை. சிறிய பணிவண்டிகளை மனத்தில் வைத்து எழுதிய காலத்தில் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டிகள் வந்தபோதுதான் அந்தச் சொல் பாரம் தாங்காமல் திணறத் தொடங்கியது.

அந்தத் திணறலை வெளிக்கொண்டுவந்தவை இரண்டு நிறுவனங்கள். 2009-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கிய எலியோ மோட்டார்ஸ், முன்னும் பின்னுமாக இருவர் அமரும் மூடிய வண்டியை 6,800 டாலருக்குத் தருவதாக அறிவித்து, மோட்டார் சைக்கிள் உரிமம் தேவைப்பட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் மாநிலம் மாநிலமாகச் சென்று, கார் போல உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளுக்கென ஆட்டோசைக்கிள் என்ற புதிய வகையைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. வண்டி வாடிக்கையாளர் கைக்கு வரவேயில்லை. ஆனால் சட்டங்கள் வந்துவிட்டன. 2014-இல் போலாரிஸ் நிறுவனம் ஸ்லிங்ஷாட் என்ற திறந்த வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்டீயரிங் சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் இரு இருக்கைகளும் கொண்டது அது. டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறை அவ்வாண்டின் இறுதியில் இதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. காரணம் ஒரே ஒரு சொல்: மோட்டார் சைக்கிளுக்குச் சேணம் இருக்க வேண்டும் என்றது மாநிலச் சட்டம், இதிலோ கார் இருக்கை. 2015-இல் சட்டமன்றம் திருத்திய பிறகே அந்த முட்டுக்கட்டை நீங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே வரையறை கொண்டுவர லூசியானா செனட்டர் டேவிட் விட்டர் 2015-இல் ஒரு மசோதாவை முன்வைத்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டது.

எப்படியெல்லாம் எழுதிக்கொண்டன என்பதைச் சட்ட வாசகத்தோடு பார்த்தால்தான் புரியும். உங்கள் மாநிலத்திலிருந்தே தொடங்குகிறேன். கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 400-ஆம் பிரிவு உங்கள் வண்டியை மோட்டார் சைக்கிள் என்றே சொல்கிறது. ஆனால் எம்-1 என்ற மோட்டார் சைக்கிள் உரிமம் இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமானது. மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைச் சாதாரண சி வகுப்பு உரிமத்தோடு ஓட்டலாம். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் 27803-ஆம் பிரிவு, முழுவதும் மூடிய மூன்று சக்கர வாகனத்தில் இருப்பவர்களை விலக்குகிறது. அந்த வாகனம் ஏழு அடிக்குக் குறையாத நீளமும், நான்கு அடிக்குக் குறையாத அகலமும், சுமையில்லாத நிலையில் 900 பவுண்டுக்குக் குறையாத எடையும் கொண்டிருக்க வேண்டும். கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களையும் நிறைவேற்றியிருக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட வடிவத்தில் ஆப்டெராவின் அகலமே ஏழு அடியைத் தாண்டுகிறது என்பதால் அளவுகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதே கலிபோர்னியாவில் ஸ்லிங்ஷாட் ஓட்டுபவர் சி உரிமத்தோடு ஓட்டலாம், ஆனால் தலைக்கவசம் அணிந்தே தீர வேண்டும், ஏனென்றால் அது திறந்த வண்டி. அதற்கென்று தனியாக விற்கப்படும் கூரையை வாங்கிப் பொருத்தினாலும் பக்கங்கள் திறந்தே இருப்பதால் முழுவதும் மூடிய வாகனமாக அது மாறிவிடாது.

மூடியது என்ற சொல்லை மிகக் கவனமாக எழுதிய மாநிலம் என்று நான் கருதுவது வர்ஜீனியா. கழற்ற முடியாத கூரை, முன்கண்ணாடி, மூடிய உடல் ஆகிய மூன்றும் கொண்ட மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டியதில்லை என்கிறது அந்தச் சட்டம். கழற்ற முடியாத என்ற அடைமொழியைப் பாருங்கள். கோடையில் கூரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டும் வண்டிக்கு, கூரை மாட்டியிருக்கும் நாளிலும் இந்த விலக்கு கிடைக்காது. ஆட்டோசைக்கிளுக்கு அங்கே தனி வரையறையும் உண்டு. ஸ்டீயரிங் சக்கரமும் கால்களை இருபுறமும் போட்டு உட்காரத் தேவையில்லாத இருக்கையும் இருந்தால் அது ஆட்டோசைக்கிள், வேறிடத்தில் மாற்றிச் சொல்லியிருந்தாலொழிய மோட்டார் சைக்கிளாகக் கருதப்படாது. வட கரோலினா 2015-இல் எழுதிய வரையறை இதைவிடக் கடுமையானது. சீட் பெல்ட், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், முழுவதும் மூடிய இருக்கைப் பகுதி ஆகியவற்றோடு காற்றுப்பையையும் அது கேட்டது. எலியோவின் வடிவமைப்பைப் பார்த்து எழுதியது போலவே இருந்த அந்த வாசகத்துக்குள், சாலையில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்லிங்ஷாட் அடங்கவில்லை. அரிசோனாவோ முழுமையாகவோ பகுதியாகவோ மூடியிருந்தால் போதும் என்கிறது. கவிழ்ந்தால் தாங்கும் கூண்டும், ஒவ்வொருவருக்கும் சீட் பெல்ட்டும், ஏபிஎஸ்ஸும், ஸ்டீயரிங் சக்கரமும், மிதிகளும் வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறது. நெவாடா ஆட்டோசைக்கிள் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே டிரைமொபைல் என்று தனக்கென ஒரு பெயரைச் சூட்டி வைத்திருந்தது.

ஸ்டீயரிங் சக்கரம் என்ற சொல்லே சிலரை வெளியே நிறுத்திவிடும். ஓரிகனின் யூஜின் நகரில் ஆர்சிமோட்டோ தயாரித்த வண்டிக்குக் கூரையும் சீட் பெல்ட்டும் இருந்தன, ஆனால் அதைத் திருப்புவது மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியால். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கேட்கும் மாநிலங்களின் வரையறைக்குள் அது வராது.

தலைக்கவசத்தை அணிந்துகொண்டால் பிரச்சினை தீர்ந்ததே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று சிலர் கேட்பதுண்டு. கலிபோர்னியாவின் ஹோலிஸ்டரில் முன்பு தயாரிக்கப்பட்ட கார்பின் ஸ்பாரோ என்ற ஒற்றை இருக்கை மின்வண்டி ஒன்று என் நண்பரிடம் இருந்தது. ஒருமுறை முழுமுகத் தலைக்கவசத்தோடு அதில் உட்கார்ந்து பார்த்தேன். உச்சி கூரையில் இடித்தது. தலைசாய்ப்பான் தலைக்கவசத்தின் பின்புறத்தில் முட்டியதால் கழுத்து முன்னால் தள்ளப்பட்டு, முகவாய் மார்பை நோக்கி இறங்கியது. இடப்பக்கம் திரும்பிப் பின்னால் பார்க்க முயன்றபோது முகப்புறம் கதவுக் கண்ணாடியில் உரசி நின்றது. கூட்டாட்சித் தரத்தின்படி தலைக்கவசம் ஒவ்வொரு பக்கமும் 105 பாகைப் பார்வையை மறைக்காமல் விட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு திறந்த வெளியில் கழுத்தைத் தடையின்றித் திருப்பும் ஒருவருக்கே முழுப் பயன் தரும். இவ்வளவு நெருக்கமான அறைக்குள் தலைக்கவசம் கூடுதல் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சீட் பெல்ட்டும் உறுதியான கூரையும் உள்ள மூடிய வண்டிக்கு விலக்கு அளிப்பது சரியான சட்டம் என்றே கருதுகிறேன். திறந்த வண்டிக்கும் அதே விலக்கை நீட்டும் மாநிலங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே தலைக்கும் சாலைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

உரிமத்தைப் பற்றியும் என் கருத்து இதே திசையில்தான் செல்கிறது. மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கான பயிற்சி, இரு சக்கர வண்டியைச் சமநிலையில் பிடிப்பதையும், வளைவில் சாய்ப்பதையும், கைப்பிடியை எதிர்ப்பக்கம் அழுத்தித் திருப்புவதையும் கற்பிக்கிறது. ஸ்டீயரிங் சக்கரமும் மிதிகளும் உள்ள வண்டியில் இவற்றில் ஒன்றும் பயன்படாது. பெரும்பாலான மாநிலங்கள் ஆட்டோசைக்கிளைக் கார் உரிமத்தோடு ஓட்ட அனுமதிப்பதற்கு இதுவே நியாயம். அதற்காக அது கார் போலவே நடந்துகொள்ளும் என்று எண்ணிவிடாதீர்கள். பின்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால், இரு முன்சக்கரங்களுக்கு நடுவே விட்டுவிடலாம் என்று காரில் நினைக்கும் குழியும் கல்லும் இதில் நேராகப் பின்சக்கரத்தின் அடியில் வந்து சேரும்.

இனி உங்கள் பயணம். வெளிமாநிலத்தவர் ஒருவர் தம் சொந்த மாநிலம் எந்த வகை வாகனத்துக்கு உரிமம் அளித்திருக்கிறதோ அந்த வகையைத் தற்காலிகமாக ஓட்டிச் செல்வதைப் பொதுவாக மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. தலைக்கவசத்துக்கு அந்த ஏற்பு கிடையாது. எந்தச் சாலையில் இருக்கிறீர்களோ அந்தச் சாலையின் சட்டமே செல்லும். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால் உங்களுக்கு அங்கே கேள்வியே எழாது. டெக்சாஸில் தலைக்கவசச் சட்டத்தின் வரையறையிலிருந்தே, ஓட்டுநரை உள்ளே வைத்துக்கொள்ளும் அறையும் இருக்கையும் சீட் பெல்ட்டும் கொண்ட மூன்று சக்கர வாகனம் விலக்கப்பட்டிருக்கிறது. அதற்கப்பால் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா மூன்றும் எல்லா வயதினருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியவை. இம்மூன்றின் தலைக்கவசப் பிரிவையும், அதிலுள்ள விலக்கு வாசகத்தையும், அங்கே வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறைப் பகுதியில் தரப்பட்டுள்ள பொருளையும் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அந்தந்தச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் நேரடியாகப் படித்து, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர்கள் காட்டும் வண்ண வரைபடங்களை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வண்டிக்காக, ஏதோ ஓர் ஆண்டில் வரையப்பட்டவை.

ஃப்ளோரிடாவில் நுழைந்ததும் இரண்டு பாதைகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. மூடிய அறைக்குள் இருப்பவருக்குத் தலைக்கவசச் சட்டம் பொருந்தாது என்பது ஒன்று. 21 வயதைக் கடந்து, குறைந்தது 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவருக்கு அது கட்டாயமில்லை என்பது மற்றொன்று. ஆட்டோசைக்கிளுக்கு அங்கேயுள்ள வரையறை வேறு: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, கவிழ்வைத் தாங்கும் கூண்டோ வளையமோ, சீட் பெல்ட், ஏபிஎஸ் எல்லாம் வேண்டும். நீங்கள் விருந்தாளியாகப் போகும் வரை இந்த வரையறை உங்களை நெருக்காது. அண்ணனுக்கு அருகிலேயே குடியேறிவிட முடிவு செய்தால், அந்த மாநிலத்தில் பதிவு செய்யும்போது உங்கள் வண்டியின் கலப்புப்பொருள் உடலைக் கூண்டு என்று ஏற்பார்களா என்ற கேள்வி வரும். உற்பத்தியாளரிடம் அதற்கான எழுத்துமூலச் சான்றை வண்டி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மோட்டார் சைக்கிள் என்ற வகைப்பாட்டால் ஒரு வசதியும் உண்டு: கூட்டாட்சிச் சட்டம் மோட்டார் சைக்கிள்களைப் பலர் பயணிக்கும் வாகனங்களுக்கான தனித் தடத்தில் அனுமதிப்பதால், தனியாக ஓட்டும்போதும் அந்தத் தடத்தில் செல்லலாம். ஆனால் கலிபோர்னியாவில் வாகன வரிசைகளுக்கு இடையே புகுந்து செல்லும் உரிமை இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஃப்ளோரிடாவில் விபத்தில் யார் தவறு என்று பாராமல் சொந்தக் காப்பீடே மருத்துவச் செலவைத் தரும் முறை இருக்கிறது. அந்தச் சட்டம் மோட்டார் வாகனம் என்பதை நான்கோ அதற்கு மேலோ சக்கரங்கள் கொண்டது என்று வரையறுக்கிறது. மூன்று சக்கரம் என்பதால் உங்கள் வண்டி அதற்கு வெளியே நிற்கிறது. காப்பீட்டு முகவரிடம் பேசும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், சான்றுப் பட்டையின் படத்தை அனுப்பி, எந்த வகையில் காப்பீடு எழுதுகிறார்கள், ஓட்டுபவருக்கும் உடன் வருபவருக்கும் மருத்துவச் செலவு எவ்வளவு வரை கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் விபத்துகளுக்கு வரம்பு ஏதும் உண்டா என்று உங்கள் உடல்நலக் காப்பீட்டு ஒப்பந்தத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்தப் பதில்கள் கைக்கு வந்த பிறகு புறப்படும் தேதியைக் குறியுங்கள்.